அம்பத்தூரிலிருந்து திருப்பத்தூருக்கு: தனியாக மிஞ்சப்போகிறவரை மனதில் வைத்துத் தேர்ந்த ஊர்

அம்பத்தூரில் 20 வருடத்துக்கு மேல் வாடகைக்குக் குடியிருந்த ஒரு தம்பதியர் 2024 ஆனி மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பத்தூருக்குப் போனார்கள். சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல. ஏலகிரி மலைக்குப் பக்கத்தில் இருக்கிற, 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர். பெரியவருக்கு அப்போது வயது 64, அவர் மனைவிக்கு (அம்மா என்றே எழுதுகிறேன்) 60. மகன் சென்னையில், மகள் பெங்களூரில். இரண்டு ஊரையும் விட்டுவிட்டு மூன்றாவது ஊருக்கு ஏன் போனார்கள், அந்த முடிவு எப்படி வந்தது, ஒரு வருடம் கழித்து நிலைமை என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு வரவு செலவு பார்த்துத் திட்டம் போட்டுத் தருவது என் வேலை. இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

கையில் இருந்தது

பெரியவர் ஒரு தனியார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் வந்து, மகள் கல்யாணக் கடனை அடைத்தது போக மிச்சம் 35 லட்சம். சொந்த வீடு கிடையாது. 58 வயதிலிருந்து இ.பி.எஸ். பென்ஷன், அதாவது பி.எஃப். சேர்ந்த தொழிலாளர் பென்ஷன், மாதம் 4,100 ரூபாய் வருகிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொகை ஆச்சரியம் தராது. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் வரை 6,500, அதற்குப் பிறகு 15,000. கையில் வாங்கிய சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குப் பென்ஷன் அந்த வரம்புக்குள்தான் நிற்கும்.

35 லட்சத்தில் 24 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம், அம்மாவைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்து. 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 49,200, அதாவது மாதம் 16,400. இன்னொரு 6 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், இருவர் பெயரிலும், 7.4% வட்டியில் மாதம் 3,700. மிச்சம் 5 லட்சம் அவசரத்துக்கு பேங்க் டெபாசிட்டில். பென்ஷனையும் சேர்த்தால் மாத வரவு 24,200.

அம்பத்தூர்ச் செலவு இதற்குள் அடங்கவில்லை. வாடகை 14,000, மெயின்டனன்ஸும் கேன் தண்ணீரும் 1,500, மளிகை, பால், காய்கறி 8,000, மாத்திரை 3,500, கரண்ட், கேஸ், போன் 1,700, போக்குவரத்து 1,000. கூட்டினால் 29,700. மகன் மாதம் 5,000 கொடுத்துக்கொண்டிருந்தார், அப்படியும் துண்டு விழுந்தது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை இதில் சேர்க்கவே இல்லை. வருடா வருடம் ஹவுஸ் ஓனர் ஆயிரம் ரூபாய் ஏற்றிக்கொண்டும் இருந்தார். ஊர் மாறியாக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பட்டியலில் வந்த ஊர்கள்

பெரியவர் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஊர், மகன் வீட்டிலிருந்து கிலோமீட்டர், மகள் வீட்டிலிருந்து கிலோமீட்டர், வாடகை, ஆஸ்பத்திரி. முதல் வரியில் போளூர்ப் பக்கத்துச் சொந்த கிராமம். அங்கே இருப்பது அண்ணன் தம்பி மூவருக்கும் பொதுவான வீடு. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. பாகம் பிரிக்காமல் ஒருவர் போய்க் குடியேறினால் மற்ற இருவருக்கும் மனத்தாங்கல் வரும். அந்த வரியை அவரே அடித்துவிட்டார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் மனதில் அதுதான் முதலிடத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

பெங்களூருக்கே போய்விடலாம் என்று மகள் கூப்பிட்டார். அங்கே வாடகை அம்பத்தூரைவிட அதிகம். பெரியவருக்குக் கன்னடம் ஒரு வார்த்தைகூட வராது. 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் தண்ணீருக்கு மக்கள் பட்ட பாட்டை மகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

ஒசூர் வலுவான போட்டியில் இருந்தது. தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, தமிழ் போதும், பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், சீதோஷ்ணமும் நன்றாக இருக்கும். ஆனால் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் இருக்கிற ஊர் அது. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. சம்பளம் வாங்குகிறவர்களோடு போட்டி போட்டு வீடு பிடிக்க வேண்டும். அவர்கள் பார்த்த இரண்டு படுக்கையறை வீடுகள் 11,000, 12,000 என்றன. அட்வான்ஸும் பத்து மாத வாடகை கேட்டார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. மகள் வீடு கிருஷ்ணராஜபுரத்தில். ஒசூரிலிருந்து சாலையில் 40 கிலோமீட்டர் என்று நோட்டில் இருந்ததே தவிர, அந்த 40 கிலோமீட்டரும் பெங்களூர் டிராஃபிக்கில். மாலை நேரத்தில் கிளம்பினால் இரண்டு மணி நேரம் ஆகும். திருப்பத்தூருக்குப் பக்கத்து ரயில் ஜங்ஷனான ஜோலார்பேட்டையிலிருந்து அதே கிருஷ்ணராஜபுரத்துக்கு ரயிலில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அதற்கும் இரண்டு மணி நேரம்தான். ரயில் தூரத்தையும் டிராஃபிக் தூரத்தையும் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. அடுத்த தாளில் கிலோமீட்டர்க் கட்டத்தை எடுத்துவிட்டு, 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பாள்' என்று கட்டம் போடச் சொன்னேன்.

வேலூர். சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஒன்றே போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், அதில் நியாயமும் இருக்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வந்து தங்குவதால் ஆஸ்பத்திரியைச் சுற்றி வாடகை எப்போதும் மேலேயே இருக்கும். சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் 9,000, 10,000க்குக் கிடைத்தது. வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி இரண்டும் ரயில் பாதையிலேயே இருக்கின்றன, வாடகையும் குறைவு. அங்கே தண்ணீரைப் பற்றித்தான் யோசித்தோம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை பழசு. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மேட்டூரிலிருந்து காவிரி கூட்டுக் குடிநீர் வருகிறது. ஆனால் அது வராத நாளில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் போர் தண்ணீர்தானே? வயதான தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கடைசி வரியில்தான் திருப்பத்தூர் இருந்தது. அம்மாவின் தங்கை அங்கே இருக்கிறார், அதனால் எழுதி வைத்தேன் என்றார் பெரியவர்.

அம்மா கேட்டது

அதுவரை அம்மா பேசவில்லை. நோட்டு ஒசூரில் வந்து நின்றிருந்தது. மாப்பிள்ளைக்குக் கம்பெனி வண்டி இருக்கிறது, கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டார்:

"இவரு இல்லாமப் போயிட்டா அந்த ஊர்ல எனக்கு யாரு சார் இருக்காங்க?"

பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதையெல்லாம் எதுக்கு இப்பப் பேசற?"

"இப்பப் பேசாம எப்பங்க பேசறது? வீடு மாத்தினப்புறமா?"

ஓய்வுக்கால ஊர் தேடுகிற எந்தக் குடும்பத்திலும் முதலில் வர வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் வருவதே இல்லை. பட்டியல் போடுகிறவர் வீட்டுக்காரர். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், பேங்க்குக்குப் போகத் தெரியும், ஏ.டி.எம். தெரியும். அவர் தேர்ந்தெடுக்கிற ஊர் அவருக்குச் சௌகரியமான ஊராக இருக்கும். நம் ஊர்க் கல்யாணங்களில் மனைவி நாலைந்து வயது இளையவர். பெண்களுக்கு ஆயுளும் சற்று அதிகம். கூட்டிப் பார்த்தால் அந்த ஊரில் பல வருடம் தனியாக இருக்கப்போகிறவர், பட்டியல் போடும்போது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். முன்பின்னாகவும் நடக்கலாம். அப்போதும் இதே கேள்வியை அவருக்காகக் கேட்டுப் பார்க்க வேண்டும்: சமைக்கத் தெரியாத ஒரு ஆண் இந்த ஊரில் தனியாக எப்படி இருப்பார்?

ஆகவே பட்டியலைப் புதிதாகப் போட்டோம். ஸ்கூட்டர் இல்லாமல் மருந்துக் கடைக்கும் கோயிலுக்கும் நடந்து போக முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்குப் போன் பண்ணினால் பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரா? அந்த ஒருவர் ஐந்து வருடம் கழித்தும் அதே ஊரில் இருப்பாரா?

மூன்றாவது கேள்விதான் பிள்ளைகள் இருக்கிற ஊர்களைத் தட்டிவிட்டது. பிள்ளைகள் இருப்பது அவர்களுடைய வேலை இருக்கிற ஊரில். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு மாற்றல் வரலாம் என்று பேச்சு ஏற்கெனவே இருந்தது. மகன் ஒரகடத்தில் ஷிப்டில் வேலை பார்க்கிறார். கம்பெனி லைனை வேறு ஊருக்கு மாற்றினால் அவரும் போயாக வேண்டும். மகளை நம்பி ஒசூரில் குடியேறி, மகள் குடும்பம் வெளிநாடு போய்விட்டால், தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் 12,000 வாடகை கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதில் பிள்ளைகள் மீது குறை எதுவும் இல்லை. அவர்களுக்கு 35 வயது, ஓடியாக வேண்டிய காலம்.

தங்கை எங்கேயும் போகப்போவதில்லை. தங்கையின் வீட்டுக்காரர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு, பென்ஷன், 30 வருடமாக அதே தெரு. அம்மா பிறந்தது நாட்றம்பள்ளிப் பக்கம். திருப்பத்தூர்ச் சந்தை, கடைத்தெரு, பேச்சு எல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கூடப் பிறந்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஒரே வயது, ஒரே மாதிரி முழங்கால் வலி, பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணை வர லீவு போட வேண்டியதில்லை.

பணத்தையும் இப்படியே பார்த்தோம். பெரியவருக்குப் பிறகு அம்மாவுக்கு வரும் விதவை பென்ஷன் பாதி, 2,050. இரண்டு அஞ்சலகக் கணக்கும் அம்மா பெயரில் தொடரும். வரவு 22,150. திருப்பத்தூரில் அவர் தனியாக இருந்தால் செலவு 14,700 என்று வந்தது. அம்பத்தூரில் தனியாக இருந்தால் 23,700. தனியாகிவிட்டால் சாப்பாடு, மாத்திரை மாதிரிச் செலவுகள்தான் குறையும். வாடகை குறையாது. இந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு பெரியவரே நோட்டை மூடினார்.

மாடி காலியாக இருந்தது

ஊர் முடிவானதும் தங்கை சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, மேல மாடி சும்மாதான கெடக்குது. வாடகை எதுக்கு?"

அன்பாகச் சொன்னதுதான், மனதாரச் சொன்னதுதான். நான் வேண்டாம் என்றேன், அம்மாவும் வேண்டாம் என்றார். மாடிப்படி முதல் காரணம். பெரியவருக்கு 2021இல் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். இன்று ஏறுகிற படியைப் பத்து வருடம் கழித்து ஏற முடியாது. இரண்டாவது காரணம் படியைவிடப் பெரியது. வாடகை இல்லாத வீட்டில் யாரும் ஒரு சண்டைகூடப் போட முடியாது. சகலையின் வீட்டு மாடியில் சும்மா இருக்கிறோம் என்ற எண்ணம் பெரியவரைத் தினமும் குடையும். மோட்டார் போடுவது, குப்பை கொட்டுவது, பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து குதிப்பது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிவரும். தங்கையின் பிள்ளைகள் நாளைக்கு மாடியைக் கேட்டால் என்ன செய்வது? அக்கா தங்கை உறவுதான் இந்த ஏற்பாட்டுக்கே அஸ்திவாரம். அதை மாத வாடகைக்குப் பதிலாகச் செலவழிக்கக் கூடாது. இரண்டு தெரு தள்ளி, தனி வாசல், தனி அடுப்பு. தங்கைக்கு முதலில் வருத்தம்தான். அம்மா அவரை உட்காரவைத்துப் பேசிச் சமாதானம் செய்தார்.

வீடு பார்க்கும் வேலையைச் சித்திரை வெயிலில் வைத்துக்கொண்டோம். ஒரு ஊரின் தண்ணீரும் கரண்டும் அப்போதுதான் தெரியும். இருவரும் தங்கை வீட்டில் வந்து தங்கி, காலையில் வீடு பார்க்கப் போனார்கள். அம்மா ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். தங்கை வீட்டு அடுப்பில் ஒவ்வொரு பாட்டில் தண்ணீரிலும் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு, குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தார். ஒரு வீட்டுத் தண்ணீரில் பருப்பு முக்கால் மணி நேரத்தில் குழைந்தது. இன்னொரு வீட்டுத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு விரலுக்கு நடுவில் உருண்டது. பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவு. அந்த வீடு பார்க்க அழகாக இருந்தது, டைல்ஸ் எல்லாம் புதுசு, வாடகையும் 500 ரூபாய் குறைவு. அதை வேண்டாம் என்றார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அதை வாடகை வீடு தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தியவரை அன்றுதான் பார்த்தேன்.

எடுத்த வீடு தரைத்தளம். மருந்துக் கடை அதே தெருவில், டவுன் பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரத்தில். குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டுத் தர ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொண்டார். வாடகை 7,000, அட்வான்ஸ் மூன்று மாதம். எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தோம். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய வாடகைச் சட்டப்படி அதுதான் முறை. சின்ன ஊர்களில் இதை வற்புறுத்தினால் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. வயதானவர்களுக்குத் திடீரென்று வீட்டைக் காலி செய் என்று வருவதைவிடப் பெரிய இடி கிடையாது.

சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. பெரியவருக்கு அது நெஞ்சில் இருக்கிற ஆசை. வாடகை வீட்டிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை. நான் எண்களை மட்டும் எழுதிக் காட்டினேன். 30 லட்சத்தை வீட்டில் போட்டால் அஞ்சலகத்திலிருந்து மாதா மாதம் வரும் 20,100 நின்றுவிடும். மிச்சம் 4,100 பென்ஷனும் 5 லட்சத்துக்கு வரும் வட்டியும். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அது மட்டும் 2,70,000. வீடு சொந்தமாக இருக்கும், அரிசிக்கு மகனைக் கேட்க வேண்டும். அவர் மனம் ஆறவில்லை, ஒப்புக்கொண்டார்.

ஆஸ்பத்திரி தூரம்

இந்த முடிவில் பலவீனமான இடம் ஒன்றே ஒன்று, அதை மறைக்க விரும்பவில்லை. திருப்பத்தூரிலிருந்து வேலூர் 85 கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத் தலைநகர் ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

குடிபோவதற்கு முன்பே மாவட்ட அரசு மருத்துவமனைக்கும் இரண்டு தனியார் மருத்துவமனைகளுக்கும் நேரில் போய்க் கேட்டோம். நெஞ்சு வலியோடு ராத்திரி வந்தால் இ.சி.ஜி. எடுக்க ஆள் இருக்குமா, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்களா, போட்டபின் எங்கே அனுப்புவார்கள் என்பவைதான் கேள்விகள். முதல் மணி நேரத்தில் கட்டியைக் கரைக்க ஊசி போட்டு, பிறகு ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது தமிழ்நாட்டில் பல வருடமாக நடக்கிற முறை. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுக்கிறார்கள். பெரியவரின் பழைய ஆஞ்சியோ அறிக்கை, மருந்துச் சீட்டு, ரத்த வகை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினோம். தங்கை வீட்டில் ஒரு நகல் இருக்கிறது. 108ஐக் கூப்பிடும்போது சொல்ல வேண்டிய அடையாளத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாயிற்று.

இவ்வளவு செய்த பிறகும் அந்த 85 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. பெரியவருக்கு டயாலிசிஸோ புற்றுநோய் சிகிச்சையோ நடந்துகொண்டிருந்தால் வாடகை 3,000 அதிகமானாலும் வேலூர்தான் என்று நின்றிருப்பேன். அவருடைய இதயம் மூன்று வருடமாக நிலையாக இருக்கிறது, மருந்து ஒழுங்காகப் போகிறது என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே இந்த ஊருக்குச் சரி சொன்னேன்.

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. இதய மாத்திரையை மட்டும் கடையில் வாங்குகிறார்கள். மாத்திரைச் செலவு 3,500இலிருந்து 2,200க்கு இறங்கியது.

ஒரு வருடம் கழித்து

2025 ஆனியில் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாதச் செலவு சராசரி 20,200. வாடகை 7,000, சாப்பாடு 7,500, மாத்திரை 2,200, கரண்ட், கேஸ், போன் 2,000, போக்குவரத்து 1,500. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மாவின் போக்குவரத்துச் செலவு அனேகமாக ஒன்றுமில்லை. 1,500 பெரும்பாலும் ரயிலுக்கு. மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, இன்றுவரை திரும்ப வரவில்லை. மாதம் பணம் எண்ணி வாழ்கிறவர்களுக்கு அது பெரிய இழப்பு, திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாதம் 4,000 மிஞ்சுகிறது, அது அஞ்சலக ஆர்.டி.யில் போகிறது. மகன் கொடுக்கும் 5,000 காப்பீட்டுப் பிரீமியத்துக்கு. பென்ஷனுக்காக எந்த பேங்க்கையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து இ.பி.எஸ். பென்ஷனை நாட்டின் எந்த பேங்க் கிளையிலும் வாங்கிக்கொள்ளலாம். வாழ்வுச் சான்றிதழையும் மகள் வந்திருந்தபோது போனிலேயே முகம் காட்டிக் கொடுத்தாயிற்று.

மகள் மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிருஷ்ணராஜபுரத்தில் ரயிலேறி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார். சென்னை, பெங்களூர், சேலம் மூன்று பக்கத்து ரயிலும் ஜோலார்பேட்டையில் கூடுவதால் ஒரு வண்டியை விட்டால் இன்னொன்று. மகன் நினைத்த அளவுக்கு வர முடியவில்லை. ஷிப்டு முடித்துச் சென்ட்ரலுக்கு வருவதற்கே அவருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. மருமகளும் குழந்தையும் பள்ளி லீவில் வருகிறார்கள்.

அம்மா கார்த்திகை மாதம் வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை தங்கை வீட்டிலிருந்து இரண்டு வேளைச் சாப்பாடு வந்தது, தலை பின்னிவிடுவதும் தங்கைதான். மகள் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருக்கவில்லை. சனி ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெரியவருக்கு ஊர் இன்னும் ஒட்டவில்லை. அம்மாவுக்குப் பிறந்த மண், அவருக்கு மனைவியின் தங்கை ஊர். அம்பத்தூரில் டீக்கடை பெஞ்சில் கூட உட்கார்ந்தவர்கள் எல்லாம் 20 வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். அது 65 வயதில் இன்னொரு ஊரில் முளைத்துவிடாது. ஊர் மாறும் திட்டங்களில் இதற்கென்று யாரும் ஒரு கட்டம் போடுவதில்லை, போட வேண்டும். மாதம் ஒருமுறை அவர் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்ப் பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டு மாலையில் அதே வண்டியில் திரும்புகிறார். அந்த டிக்கெட் காசைச் செலவுக் கணக்கில் மருந்துக்குச் சமமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், எதற்காகவும் வெட்டக் கூடாது. சகலை அவரை நூலகத்துக்கு அழைத்துப் போகிறார். போகிறார், வருகிறார்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. விலைவாசி வருடம் 6% ஏறினால் 20,200 செலவு மூன்று வருடத்தில் 24,000ஐத் தாண்டும். வரவு 24,200இல் நின்றுகொண்டே இருக்கும், இந்த வட்டியும் பென்ஷனும் ஏறாது. மலிவான ஊர் அவர்களுக்கு நிரந்தரத் தீர்வைக் கொடுக்கவில்லை, அம்பத்தூர்ச் செலவோடு பார்த்தால் வருடம் 1,14,000 ரூபாய் மிச்சமும் அதனால் சில வருடம் மூச்சு விடும் நேரமும் கொடுத்திருக்கிறது. 2028 முதல் ஆர்.டி. சேர்ப்பது நின்று, அதிலிருந்து எடுக்க வேண்டி வரும் என்று மகனிடமும் மகளிடமும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். மகள் தன் பங்குக்கு மாதம் 2,000 இப்போதிருந்தே அம்மா பெயரில் தனியாகப் போடுகிறார். 2029இல் மூத்த குடிமக்கள் கணக்கு முதிர்கிறது. அதை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கலாம், அப்போதைய வட்டிதான் கிடைக்கும். அந்த வருடம் மறுபடி எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். வாடகை ஒப்பந்தத்தை 7,350க்குப் புதுப்பித்தாயிற்று. இந்த முறை ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள்.